இறங்க வேண்டிய எண், ஏற வேண்டிய எண்: நியூயார்க் போலீஸின் காம்ப்ஸ்டாட் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1990ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் 2,245 பேர் கொலை செய்யப்பட்டார்கள். நாளுக்கு ஆறு பேர். இருட்டிய பிறகு பாதாள ரயிலில் ஏறுவதற்கே மக்கள் யோசித்த காலம் அது. அதே நகரில் 2017இல் நடந்த கொலைகள் 292. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே, உலகத்துப் போலீஸ் துறைகள் பலவும் வந்து பார்த்துவிட்டுப் போன ஒரு அளவுமுறை இருக்கிறது. அதன் பெயர் காம்ப்ஸ்டாட். ஒவ்வொரு காவல் நிலைய எல்லையிலும் நடக்கும் குற்றங்களை வாரா வாரம் எண்ணி, தலைமையகக் கூட்டத்தில் அந்தந்த எல்லையின் அதிகாரியை அதற்குப் பதில் சொல்ல வைக்கும் முறை அது.

காம்ப்ஸ்டாட்டைப் பற்றிப் பேசுபவர்கள் சீக்கிரமே இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். நகரத்தைக் காப்பாற்றியதே அதுதான் என்று ஒரு கட்சி. அது முழுக்கப் பொய்க்கணக்கு என்று இன்னொரு கட்சி. கிடைக்கும் ஆவணங்களை வரிசையாக வைத்துப் படித்தால் இரண்டுமே பாதிக் கதை என்று தெரிகிறது. குற்றம் உண்மையிலேயே குறைந்தது. கணக்கும் உண்மையிலேயே வளைக்கப்பட்டது. இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே கூட்டத்தின் வழியாக நடந்தன. கேள்வி கேட்பதற்காக உண்டான ஒரு முறை, மதிப்பெண் போடும் முறையாக மாறியபோது என்ன ஆனது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

சுவரில் ஒட்டிய வரைபடம்

ஜாக் மேப்பிள் நியூயார்க் பாதாள ரயில் போலீஸில் லெப்டினன்டாக இருந்தவர். கழுத்தில் வில் டை, தலையில் தொப்பி, காலில் இரட்டை நிற ஷூ என்று போலீஸ்காரருக்குப் பொருந்தாத ஒரு தோற்றம். 1990 வாக்கில் அவர் பெரிய காகிதங்களை 55 அடி நீளத்துக்குச் சுவரில் ஒட்டினார். ஒவ்வொரு ரயில் நிலையத்தையும் அதில் வரைந்தார். எங்கே வழிப்பறி நடந்தாலும் வண்ணக் கிரேயானால் ஒரு குறி. துப்பு துலங்கியது ஒரு நிறம், துலங்காதது வேறு நிறம். அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். அன்றைக்கு நியூயார்க் போலீஸில் குற்றக் கணக்கு எதற்காக எடுக்கப்பட்டது என்று பார்த்தால் புரியும். எஃப்.பி.ஐ.க்கு அனுப்ப வேண்டும் என்பதற்காக எடுத்தார்கள். மாதக்கணக்கில் தாமதமாக வரும். வந்த பிறகும் அதை வைத்து யாரும் எதையும் செய்வதில்லை. ஒரு ஸ்டேஷன் அதிகாரியை எடை போட்டது வேறு விஷயங்களை வைத்து: 911 என்ற அவசர எண்ணுக்கு வந்த அழைப்புக்கு எத்தனை நிமிடத்தில் வண்டி போனது, எத்தனை பேரைக் கைது செய்தார்கள், ஓவர்டைம் செலவு எவ்வளவு. எல்லாவற்றுக்கும் மேலாக, லஞ்சப் புகாரில் பெயர் கெடாமல் இருக்கிறாரா. 1970களில் வெடித்த ஊழல் விவகாரங்களுக்குப் பிறகு, ரோந்து போலீஸ்காரர் போதைப்பொருள் கேஸ் பக்கமே போகக்கூடாது என்ற அளவுக்கு அந்தப் பயம் ஊறிப்போயிருந்தது. தன் எல்லையில் குற்றம் கூடியதா, குறைந்ததா என்று ஓர் அதிகாரியை யாரும் கேட்கவில்லை.

1994 ஜனவரியில் ரூடி ஜூலியானி மேயரானார். வில்லியம் பிராட்டனைப் போலீஸ் கமிஷனராக வைத்தார். பிராட்டன் பாதாள ரயில் போலீஸின் தலைவராக இருந்தபோதே மேப்பிளை அறிந்தவர். அவரைத் துணைக் கமிஷனராகக் கூட்டி வந்தார். மேப்பிள் முதலில் கேட்டது ரொம்பச் சாதாரணமான ஒன்றை: ஒவ்வொரு பிரிசிங்க்டிலும் போன வாரம் என்னென்ன குற்றம் நடந்தது? பிரிசிங்க்ட் என்பது நம் ஊர்க் கணக்கில் ஒரு காவல் நிலைய எல்லை. நியூயார்க்கில் அப்போது எழுபத்தைந்துக்கு மேல் இருந்தன. அந்தக் கேள்விக்குத் தலைமையகத்தில் யாரிடமும் பதில் இல்லை. ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கையால் எண்ணி, ஃப்ளாப்பி டிஸ்கில் போட்டுக் கொண்டுவர வைத்தார்கள்.

அப்புறம் கூட்டம் தொடங்கியது. காலை 7 மணி, தலைமையகமான ஒன் போலீஸ் பிளாசா. பிரிசிங்க்ட் அதிகாரி மேடையில் நிற்பார். அவருக்குப் பின்னால் அவருடைய எல்லையின் வரைபடம் திரையில் விரியும். எதிரே மேப்பிளும் உயர் அதிகாரி லூயிஸ் அனிமோனும் உட்கார்ந்திருப்பார்கள். இந்தத் தெருமுனையில் மூன்று வாரத்தில் நான்கு துப்பாக்கிச் சூடு நடந்திருக்கிறதே, ஏன்? சுடப்பட்டவர்களுக்குள் பழக்கம் உண்டா? டிடெக்டிவ்கள் அவர்களிடம் பேசினார்களா? போதைப்பொருள் பிரிவு அங்கே கடைசியாக எப்போது போனது?

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் ஒரு விஷயம் அம்பலமானது. துப்பாக்கிச் சூடு இரவிலும் வார இறுதியிலும் நடக்கிறது. போதைப்பொருள் பிரிவு பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை பகல் நேரத்தில் வேலை பார்க்கிறது. இரண்டையும் ஒரே சுவரில் அருகருகே போட்டுப் பார்க்கும்வரை இது யார் கண்ணிலும் படவில்லை. டிடெக்டிவ் பிரிவு ஒரு மேலதிகாரிக்குக் கீழ், போதைப்பொருள் பிரிவு இன்னொருவருக்குக் கீழ், ரோந்து மூன்றாமவருக்குக் கீழ். ஒருவர் வைத்திருக்கும் தகவல் அடுத்தவருக்குப் போகாது. காம்ப்ஸ்டாட் அவர்கள் எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்தது. அதன் உண்மையான பலம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். கணினி அல்ல, வரைபடம்கூட அல்ல. இவர்களில் யாரும் பதில் சொல்லாமல் நழுவ முடியாத ஓர் அறை.

குறைந்தது உண்மையா?

1993இல் 1,946 ஆக இருந்த கொலைகள் 1998இல் 633 ஆயின. 1996இல் அரசு நிர்வாகத்தில் புதுமைக்கான ஹார்வர்டு பல்கலைக்கழக விருது காம்ப்ஸ்டாட்டுக்குக் கிடைத்தது. பல நகரங்கள் அப்படியே எடுத்துக்கொண்டன. பால்டிமோர் ஒரு படி மேலே போய், குப்பை அள்ளுவது முதல் சாலைப் பள்ளம் மூடுவது வரை நகராட்சி வேலை முழுவதற்கும் இதே முறையை வைத்தது.

இந்தப் புகழில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொலைகள் குறையத் தொடங்கியது 1991இல். பிராட்டன் வருவதற்கு மூன்று வருடம் முன்பு. முந்தைய மேயர் டேவிட் டிங்கின்ஸ் காலத்திலேயே ஆயிரக்கணக்கில் புதிய போலீஸாரைச் சேர்க்கும் திட்டத்துக்கு நிதி ஒதுக்கியாகிவிட்டது. அவர்கள் வந்து சேர்ந்து வேலையில் இறங்கியபோது நாற்காலியில் வேறு ஆள் இருந்தார். கிராக் எனும் போதைப்பொருளின் வெறியாட்டமும் அடங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்கா முழுக்கவே அந்தப் பத்தாண்டில் குற்றம் குறைந்தது. காம்ப்ஸ்டாட் மாதிரி கெடுபிடி எதுவும் இல்லாமல், தெருவாசிகளோடு சேர்ந்து வேலை செய்யும் வழியில் போன சான் டியாகோவிலும் பெரிய சரிவு இருந்தது.

இருந்தாலும் நியூயார்க்கின் சரிவு மற்ற நகரங்களைவிட ஆழமானது, நீண்டது. அது போலீஸ் எழுதிய பொய் அல்ல என்பதற்கு நல்ல சான்று உண்டு. குற்றவியல் ஆய்வாளர் ஃபிராங்க்ளின் சிம்ரிங் செய்த சோதனை எளிமையானது. எந்த ஊரிலும் செய்யக்கூடியது. போலீஸ் சொல்லும் கொலைக் கணக்கைச் சுகாதாரத் துறையின் இறப்புப் பதிவோடு ஒப்பிட்டார். கார் திருட்டுக் கணக்கைக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு வந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளோடு ஒப்பிட்டார். பிணவறைப் பதிவேட்டை எழுதுபவருக்குப் போலீஸ் பதவி உயர்வு தேவையில்லை. கார் தொலைந்தவர் காப்பீட்டுப் பணம் வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு கணக்கும் போலீஸ் கணக்கோடு சேர்ந்தே இறங்கின. 1990இல் 1,47,000க்குப் பக்கத்தில் இருந்த கார் திருட்டு 2009இல் 10,700 அளவுக்கு வந்திருந்தது.

போலீஸின் வேலையை அளக்க விரும்புகிற யாருக்கும் இந்த ஆய்விலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம் என்றால் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். போலீஸ் கையில் இல்லாத ஒரு பதிவேட்டைத் தேடிப் பிடியுங்கள். பிரச்சினை என்னவென்றால், கொலைக்கும் கார் திருட்டுக்கும் அப்படி ஒரு பதிவேடு இருக்கிறது. தெருவில் பையைப் பறிகொடுத்தவருக்கு இல்லை.

ஒரு பக்கத் தாள்

வாரா வாரம் ஒவ்வொரு பிரிசிங்க்டுக்கும் ஒரு தாள் வெளிவரும். இன்றும் வருகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இடது ஓரத்தில் ஏழு பெரிய குற்றங்கள்: கொலை, பாலியல் வன்முறை, வழிப்பறி, கொடுந்தாக்குதல், வீடு புகுந்து திருடுதல், பெருந்திருட்டு, வாகனத் திருட்டு. அவற்றுக்கு எதிரே இந்த வாரம், கடந்த 28 நாள், ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் போன வருடம் இதே காலத்தின் எண். அதற்குப் பக்கத்தில் சதவீத மாற்றம்.

இந்தத் தாளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். இதில் போட்டி யாரோடு? போன வருடத்து நீங்களோடு. போன வருடம் உயிரைக் கொடுத்து வேலை பார்த்து வழிப்பறியை 200இலிருந்து 150 ஆக்கியிருந்தால், இந்த வருடம் 150 என்பது சாதனை அல்ல, தேக்கம். 155 ஆனால் தோல்வி. போன வருடம் ஒரு பிரிசிங்க்டில் இரண்டு கொலை, இந்த வருடம் மூன்று என்றால் தாளில் விழுவது "50 சதவீத உயர்வு". அந்த மூன்றாவது கொலை ஒரு வீட்டுக்குள் அண்ணன் தம்பி சண்டையில் நடந்ததா, போலீஸால் தடுத்திருக்கக்கூடியதா என்பது எந்தக் கட்டத்திலும் இல்லை.

1994இல் குற்றம் மலைபோல் குவிந்து கிடந்தது. எங்கே தோண்டினாலும் குறையும். பத்து வருடம் கழித்து, எளிதாகக் குறைவதெல்லாம் குறைந்த பிறகு, அதே தாள் அதே வேகத்தில் குறையச் சொன்னது.

பதவி உயர்வு விதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நியூயார்க் போலீஸில் கேப்டன் வரை தேர்வு எழுதி மேலே போகலாம். கேப்டனுக்கு மேலே தேர்வு கிடையாது. கமிஷனர் பார்த்துக் கொடுப்பதுதான். பிரிசிங்க்டை நடத்துபவர் பெரும்பாலும் கேப்டன் நிலையிலோ அதற்கு ஒன்றிரண்டு படி மேலோ இருப்பவர். அவருடைய மிச்ச வாழ்க்கை அந்த மேடையில் கழியும் அரை மணி நேரத்தைப் பொறுத்தது. பிராட்டன் வந்த தொடக்கக் காலத்திலேயே பாதிக்கும் மேற்பட்ட பிரிசிங்க்ட் அதிகாரிகள் மாற்றப்பட்டிருந்தார்கள். எல்லாருக்கும் அது நினைவிருந்தது. அந்த ஏழு எண்களை முதன்முதலில் எழுதுகிறவர்கள் யார்? அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள்.

திருடு போனதா, தொலைந்து போனதா

சில வருடங்களுக்கு முன்பு ஓடும் பேருந்தில் என் சட்டைப் பையிலிருந்து செல்போனை உருவிவிட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், மனுவைப் பொறுமையாகப் படித்தார். பிறகு, "திருடிட்டாங்கன்னு எழுதாதீங்க சார். தவறவிட்டுட்டேன்னு எழுதிக் கொடுங்க. ரசீது இப்பவே போட்டுத் தர்றேன், சிம் வாங்கிக்கலாம்" என்றார். எனக்கு வேண்டியது சிம். புதுத் தாள் வாங்கி, தவறவிட்டதாக எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் ரசீது கைக்கு வந்தது. அந்த ஊரின் திருட்டுக் கணக்கில் ஒன்று ஏறவில்லை. ஏறாமல் செய்த எழுத்து என் கையெழுத்து.

நியூயார்க்கில் இது எப்படி நடந்தது என்று படித்தபோது அந்த மேஜைதான் நினைவுக்கு வந்தது. அங்கே பெருந்திருட்டு என்பதற்கு எல்லைக்கோடு 1,000 டாலர். அதைத் தாண்டினால் ஏழு பெரிய குற்றங்களில் ஒன்று, தாளில் ஏறும். தாண்டாவிட்டால் சில்லறைத் திருட்டு, அந்தக் கட்டத்துக்குள் வராது. ஆகவே பறிபோன பொருளின் விலை என்ன என்பது ஒரு பிரிசிங்க்ட் அதிகாரிக்கு உயிர்ப் பிரச்சினை ஆகிவிட்டது.

ஓய்வுபெற்ற போலீஸ் கேப்டன் ஜான் எடெர்னோவும் பேராசிரியர் எலி சில்வர்மனும் ஒரு கேள்வித்தாளைக் கேப்டனும் அதற்கு மேலும் இருந்து ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கு அனுப்பினார்கள். பதில் எழுதியவர்கள் 491 பேர். ஆண்டுக்கு ஆண்டு குறைத்தே தீர வேண்டும் என்ற நெருக்கடியில் கணக்கு வளைக்கப்பட்டது என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள். 2010 பிப்ரவரியில் இது செய்தியானது. வளைத்த விதங்களும் அதில் வந்தன. புகார்தாரர் சொன்ன விலையைவிடக் குறைந்த விலைக்கு அதே பொருள் விற்கிறதா என்று ஈபே போன்ற தளங்களில் தேடிப் பார்த்து, ஆயிரத்துக்குக் கீழே கொண்டுவருவது. சம்பவ இடத்துக்கே போய், புகார் வேண்டாமே என்று பேசிப் பார்ப்பது.

பணம், பொருள் என்றால் இழப்பு ஒருவரோடு போகும். ஆனால் 2002இல் மன்ஹாட்டனின் வடக்கே வாஷிங்டன் ஹைட்ஸில் நடந்தது வேறு. ஒரு பெண்ணைக் கத்திமுனையில் மிரட்டிப் பாலியல் வன்முறைக்கு முயன்றவன் பிடிபட்டான். விசாரித்த டிடெக்டிவுக்கு இது அவனுடைய முதல் முறையாகத் தெரியவில்லை. இதற்கு முன் எங்கெங்கே என்று கேட்டார். அவன் சொன்னான். பழைய புகார்களைத் தேடிப் பார்த்தால், அதே எல்லைக்குள் அதே மாதிரியான தாக்குதல்கள் ஏற்கெனவே பலமுறை நடந்திருந்தன. அத்துமீறி நுழைதல் மாதிரியான சின்னக் குற்றங்களாக அவை எழுதப்பட்டிருந்தன. ஏழு பெரிய குற்றங்களில் எதிலும் அவை இல்லை. ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருகிறான் என்று யாருக்கும் தெரியவில்லை; பக்கத்துத் தெருப் பெண்களுக்கு எச்சரிக்கை போகவில்லை. அந்த டிடெக்டிவ் ஓய்வுபெற்ற பிறகு, 2010இல், இதை வெளியே சொன்னார்.

வரைபடத்தில் குறி போடுவதே ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடப்பதைக் கண்டுபிடிக்கத்தான். மேப்பிளின் கிரேயான் அதற்காகத்தான் இருந்தது. குறி விழாமல் பார்த்துக்கொள்வது தங்கள் வேலையாக அதிகாரிகளுக்கு ஆகிவிட்ட பிறகு, காம்ப்ஸ்டாட் எதற்காக உண்டானதோ அதுவே செத்துவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

எண்பத்தொன்றாம் பிரிசிங்க்ட்

புரூக்ளினில் பெட்ஃபோர்ட்-ஸ்டைவெசன்ட் பகுதி, 81ஆம் பிரிசிங்க்ட். அங்கே ரோந்துப் போலீஸ்காரராக இருந்த ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்ட் 2008இலிருந்து ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியைச் சட்டையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். ஷிப்ட் தொடங்கும்போது நடக்கும் ரோல் கால், மேலதிகாரிகளின் பேச்சு எல்லாம் அதில் பதிவானது. ஒரு பக்கம், வழிப்பறிப் புகார்களைச் சட்டென்று எழுதிவிடாதே என்ற அழுத்தம். இன்னொரு பக்கம், சின்னக் குற்றங்களுக்குக் கையோடு எழுதிக் கொடுக்கும் சம்மனும் தெருவில் ஆட்களை நிறுத்திச் சோதித்த படிவமும் இத்தனை கொண்டுவா என்ற அழுத்தம். இறங்க வேண்டிய எண் ஒன்று, ஏற வேண்டிய எண் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு கான்ஸ்டபிள்.

2009 அக்டோபரில் அவர் துறையின் தணிக்கைப் பிரிவிடம் போய், புகார்கள் எப்படித் திருத்தப்படுகின்றன என்று விவரமாகச் சொன்னார். அதே மாதம் 31ஆம் தேதி உடம்பு சரியில்லை என்று ஷிப்ட் முடியும் முன்பே வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிரவு மேலதிகாரிகள் அவருடைய வீட்டுக்குள் வந்தார்கள். கைவிலங்கு போட்டு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். ஆறு நாள் அங்கே இருந்தார். வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கருவியைக் கண்டெடுத்து எடுத்துப் போனார்கள். இன்னொன்று ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. நடந்ததெல்லாம் அதில் பதிவாகிவிட்டது. 2010இல் ஒரு நியூயார்க் வார இதழ் அந்தப் பதிவுகளைத் தொடராக வெளியிட்டது.

அதே 2010இல் துறையின் உள்விசாரணை முடிந்தது. 81ஆம் பிரிசிங்க்டில் குற்றங்களைக் குறைத்துக் காட்டத் திட்டமிட்ட முயற்சி நடந்திருக்கிறது என்று அது ஒப்புக்கொண்டது. அந்த அறிக்கை இரண்டு வருடம் வெளியே வரவில்லை. 2012இல்தான் அதே இதழ் வழியாக வந்தது. 2015இல் நகர நிர்வாகம் ஸ்கூல்கிராஃப்டுக்கு 6 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. உண்மையைச் சொல்பவரின் மனநிலையைச் சந்தேகிக்கும் நிலைக்கு ஒரு துறை வந்துவிட்டது என்றால், அந்த எண்கள் அதற்குள் எவ்வளவு கனத்திருக்க வேண்டும்!

துறைக்கு வெளியிலிருந்து முன்னாள் அரசு வழக்கறிஞர்களைக் கொண்ட ஒரு குழுவும் கணக்கைப் பார்த்தது. 2013இல் வந்த அதன் அறிக்கை நிதானமானது. தணிக்கை நடக்கிறது, பிழை விகிதமும் சிறியது என்று சொன்னது. ஆனால் தணிக்கை செய்பவர் எழுதப்பட்ட புகாரைத்தான் எடுத்துப் பார்க்க முடியும். எழுதப்படாமலே போன புகாருக்குக் கோப்பு ஏது? தவறாக வகைப்படுத்தியதால் சில குற்றங்களின் எண்ணிக்கை கவனிக்கத்தக்க அளவுக்கு மாறியிருக்கலாம் என்றும் அந்தக் குழு சொன்னது.

இருநூற்றைம்பது என்ற படிவம்

இனி ஏற வேண்டிய எண்ணுக்கு வருவோம். அந்தக் காலத்தில் தெருவில் ஒருவரை நிறுத்தி விசாரித்தால், தடவிச் சோதித்தால், போலீஸ்காரர் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. யு.எஃப். 250 என்பது அதன் பெயர். பேச்சில் வெறும் "டூ ஃபிஃப்டி". எதற்காக நிறுத்தினாய் என்பதற்குச் சின்னச் சின்னக் கட்டங்கள். "சந்தேகமான அசைவு" என்று ஒரு கட்டம். "குற்றம் அதிகமுள்ள பகுதி" என்று ஒரு கட்டம். டிக் அடித்தால் போதும்.

படிவத்தை எண்ணலாம். எண்ண முடிவதால் அது வேலைக்கு அத்தாட்சி ஆனது. காம்ப்ஸ்டாட் மேடையில் நிற்கும் அதிகாரிக்கு, "அந்தத் தெருவில் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்குக் கையில் ஒரு பதில் வேண்டும். இத்தனை நிறுத்தம், இத்தனை சம்மன். 2002இல் 97,296 நிறுத்தங்கள். 2011இல் 6,85,724.

இந்த நிறுத்தங்களை எதிர்த்து ஃபிளாய்ட் என்பவர் தொடுத்த வழக்கில் 2013 ஆகஸ்ட் 12 அன்று நீதிபதி ஷிரா ஷைன்ட்லின் தீர்ப்புச் சொன்னார். 2004 ஜனவரியிலிருந்து 2012 ஜூன் வரை 44 லட்சம் நிறுத்தங்கள். அதில் 52 சதவீதம் கறுப்பர்கள், 31 சதவீதம் லத்தீன் இனத்தவர். கைதிலோ சம்மனிலோ முடிந்தது 12 சதவீதம்தான். தடவிச் சோதித்தவற்றில் ஆயுதம் கிடைத்தது 1.5 சதவீதம். 2004இல் எந்தக் குற்றத்தைச் சந்தேகித்தோம் என்றே தெளிவாக எழுதாத படிவங்கள் 1 சதவீதம். 2009இல் அது 36 சதவீதம். அந்தக் கடைசி எண்ணைப் பார்த்தால் போதும், படிவம் யாருக்காக எழுதப்பட்டது என்று விளங்கும். நிறுத்தப்பட்டவருக்காகவோ வழக்குக்காகவோ அல்ல, எண்ணிக்கைக்காக. இந்த நிறுத்தங்கள் அரசியலமைப்புக்கு முரணாக நடந்தன என்று நீதிபதி தீர்ப்பளித்தார். நடுநிலையான கண்காணிப்பாளர் ஒருவரை நியமித்தார்.

100 பேரை நிறுத்தினால் 88 பேர் எதுவும் இல்லாமல் அனுப்பப்படுகிறார்கள். பள்ளிக்கூடப் பையோடு சுவரில் கை வைத்து நின்ற பையனுக்கு அது ஒரு நாள் அல்ல. சில பேட்டைகளில் அது மாதாமாதம். அந்த அவமானத்துக்குக் காம்ப்ஸ்டாட் தாளில் கட்டமே இல்லை. கட்டம் இல்லாததால் அந்த மேடையில் யாரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போலீஸ் தன் அதிகாரத்தை எவ்வளவு செலவழித்தது என்பதும் செலவுக் கணக்குதானே? பெட்ரோலுக்கும் ஓவர்டைமுக்கும் கணக்குப் பார்க்கிறவர்கள் இதற்கு ஏன் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

நிறுத்தத்தைக் குறைத்தால் கொலை கூடும் என்று அன்றைய மேயரும் கமிஷனரும் எச்சரித்தார்கள். 2014இல் நிறுத்தங்கள் 46 ஆயிரத்துக்கும் கீழே வந்தன. 2011இல் 515 ஆக இருந்த கொலைகள் 2014இல் 333.

இதற்கு ஒரு துணைக்கதையும் உண்டு. 2014 டிசம்பரில் ரோந்து வண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டிச் சில வாரங்கள் போலீஸார் சின்னக் குற்றங்களுக்குச் சம்மன் கொடுப்பதையும் கைது செய்வதையும் ஏறக்குறைய நிறுத்தியே விட்டார்கள். அந்தக் காலத்தில் பெரிய குற்றப் புகார்கள் 3 முதல் 6 சதவீதம் குறைந்ததாக 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. புகாரை எழுதியதும் அதே போலீஸ்தான் என்பதால் இதைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் 2016இல் போலீஸ் துறைக்கான நகரத் தலைமை ஆய்வாளர் அலுவலகமும் ஆறு வருடத்துச் சம்மன்களையும் சில்லறைக் கைதுகளையும் அலசிவிட்டு, அவற்றுக்கும் பெரிய குற்றம் குறைந்ததற்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை என்று எழுதியது. வேலை நடக்கிறது என்பதற்கு அத்தாட்சியாக இத்தனை வருடம் எண்ணப்பட்டவை அவைதான்.

பிறகு வந்த அளவுகோல்கள்

பிராட்டன் 2014இல் இரண்டாம் முறை கமிஷனராக வந்தார். அவர் தொடங்கி வைத்த மாற்றத்தின் தொடர்ச்சியாக, 2017 வாக்கில் நகரவாசிகளின் செல்போன்களுக்குச் சின்னக் கேள்விகள் போகத் தொடங்கின. உங்கள் பகுதியில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா, போலீஸை நம்புகிறீர்களா என்கிற மாதிரி. பதில்கள் பகுதிவாரியாகத் தொகுக்கப்பட்டு அதிகாரிகளுக்குப் போயின. முதல் முறையாக, போலீஸ் எழுதாத ஒன்று போலீஸ் கூட்டத்துக்குள் வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் அந்தக் கேள்விகளையும் துறையேதான் கேட்க வைத்தது, துறையேதான் பார்த்தது. புகார் கொடுக்க வந்து வேறு மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களைத் தேடிப் பிடித்து, "என்ன நடந்தது, என்ன எழுதினார்கள்?" என்று வெளியாள் ஒருவர் கேட்பது இதைவிட அதிகம் சொல்லும் என்று எனக்குத் தோன்றுகிறது. செலவும் பெரிதாக ஆகாது. ஒரு பிரிசிங்க்டுக்கு மாதம் ஐம்பது பேர் போதும்.

இதற்கிடையில் இருநூற்றைம்பது படிவத்துக்கு என்ன ஆனது என்று பார்த்தால், கதை தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. தீர்ப்புக்குப் பிறகு நிறுத்தம் என்பது ஏற வேண்டிய எண்ணாக இல்லாமல் இறங்க வேண்டிய எண்ணாக ஆகிவிட்டது. அதுவும் இறங்கியது. நீதிமன்றம் நியமித்த கண்காணிப்பாளரின் அறிக்கைகள் அதிலும் ஒரு குறையைச் சொல்லிவருகின்றன: தெருவில் நிறுத்துகிறார்கள், படிவம் எழுதுவதில்லை. இப்போது அவருடைய ஆட்கள் போலீஸாரின் சட்டையில் மாட்டியிருக்கும் கேமராப் பதிவுகளை எடுத்துப் போட்டு, திரையில் தெரியும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் படிவம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.